பதினாலாவது ரெஃபரன்ஸ்

ஆசிரியர்கள் ஆறு பேருக்கு மேல் இருந்தால் முதல் ஆறு பெயரை எழுதிவிட்டு மற்றவர்களை ‘எட் ஆல்’ என்று முடித்துவிட வேண்டும் என்பது ஜர்னலின் விதி. ஆறாவது பெயருக்குப் பின்னால் கமா, அப்புறம் எட் ஆல், அப்புறம் புள்ளி. டாக்டர் மங்கையர்க்கரசி சாப்பிட்டு வந்ததிலிருந்து அந்தப் புள்ளிகளைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, ஓ.பி. கிடையாது, மருத்துவக் கல்லூரியின் பொது மருத்துவத் துறையில் டூட்டி டாக்டர் அறையைத் தவிர எல்லாக் கதவும் பூட்டியிருந்தது, ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு யாரோ வைத்துவிட்டுப் போன சிவப்பு வாளி பாதி நிறைந்திருந்தது. வார்டிலிருந்து போன் வந்தால் எழுந்து போக வேண்டும், வராதவரை இந்த வேலை. ஏழாவது ஆள் யாராக இருப்பார் என்று ஒவ்வொரு எட் ஆலிலும் அவள் மனம் போய் முட்டியது. எந்த ஊரிலோ யாரோ ஒருவர், ரத்தம் எடுத்தவராக இருக்கலாம், பாம்பு கடித்தவனின் மூச்சைப் பார்த்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தவராக இருக்கலாம், அவர் பெயர் கமாவுக்கும் புள்ளிக்கும் நடுவில் கரைந்து போய்விட்டது, அதற்காக அவர் எங்கேயாவது வருத்தப்பட்டிருப்பாரா, அல்லது அவருக்கே மறந்திருக்குமா. பெயர் என்றால் தன் பெயர் மட்டும் என்ன. முதல் கட்டுரை அனுப்பியபோது குடும்பப் பெயர் என்ன என்று படிவம் கேட்டது, குடும்பத்துக்கு ஏது பெயர், இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டாள், அன்றைக்கே அவள் ‘சுப்பையா எம்’ ஆகிவிட்டாள். பல்லி விழுந்தாலே கட்டிலை விட்டு எழுந்து ஓடிய சுப்பையா, பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையரான சுப்பையா, பாம்புக்கடியைப் பற்றி நாலு கட்டுரை எழுதியவராக உலகம் முழுக்க இருக்கிறார். இதைக் கூடப் படித்த எமியிடம் சொன்னபோது அவள் கேன்டீன் டேபிளைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். சிரித்தாள் என்பது ஞாபகம் இருக்கிறது. டேபிளில் டீ சிந்தியது ஞாபகம் இருக்கிறது. சிரிப்புச் சத்தம்? அது எப்படி இருந்தது?

பதிமூன்று வரை முடித்துப் பதினாலில் நின்றாள். நிற்காமல் பதினைந்துக்குப் போனாள், இருபது, முப்பது, கடைசிவரை போய் ஜர்னல் பெயர்களின் சுருக்கங்களையெல்லாம் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தால் பதினாலு அப்படியே இருந்தது. அதில் தலைப்பு இல்லை, ஜர்னல் இல்லை, வருஷம் இல்லை, பக்க எண் இல்லை. எமரென்சியா ஆர், தனிப்பட்ட உரையாடல். எமியின் முழுப்பெயர் அது. அவ்வளவுதான். ஜர்னலுக்காகக் கட்டுரையை மதிப்பிடும் இரண்டாவது ரிவ்யூவர் அதன் மேல்தான் கை வைத்திருந்தார். இந்தத் தகவலைச் சொன்னவரின் எழுத்துபூர்வமான அனுமதியை இணைக்கவும், இயலாவிட்டால் பிரசுரமான சான்று ஒன்றை வைத்து மாற்றவும். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார், நன்றி என்றுகூட எழுதியிருந்தார். சொன்னவரின் அனுமதி. சொன்னவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் டூட்டி முடிந்து ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது பைபாஸ் ரோட்டில் ஒரு புளியமரத்தில் போய் மோதினார். எதிரில் வண்டி வரவில்லை, குறுக்கே நாய் வரவில்லை, தூங்கிவிட்டார் என்று போலீஸ் எழுதியது. அதற்கு முந்தின நாளும் டூட்டி, அதற்கு முந்தின ராத்திரியும் டூட்டி, அதை யாரும் எழுதவில்லை. இதற்கெல்லாம் ரிவ்யூவரின் கடிதத்தில் பதில் சொல்ல ஒரு கட்டம் இருந்தது, அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் மங்கை நாலு நாளாகப் ‘பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்று போட்டு வைத்திருந்தாள். திருத்திய கட்டுரையைச் சாயங்காலத்துக்குள் ஏற்றாவிட்டால் ஜர்னலின் போர்ட்டல் மூடிவிடும். கழுத்தின் இடது பக்கம் இழுத்தது. நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். வாளியில் சொட்டு விழுந்தது, அடுத்த சொட்டு விழவில்லை, அது விழும்வரை காத்திருந்துவிட்டு மறுபடி பதினாலைப் பார்த்தாள்.

எமி சொன்னது பெரிய விஷயமும் இல்லை, பெரிய விஷயம்தான். கட்டுவிரியன் கடித்தால் பல பேருக்குக் கடித்ததே தெரியாது. தரையில் படுத்துத் தூங்குவார்கள், விடியற்காலை வயிறு வலிக்கிறது என்று வருவார்கள், பல்லுத் தடம் இருக்காது, கேஷுவாலிட்டியில் அல்சர் என்று ஊசி போட்டு உட்கார வைப்பார்கள், இமை சரிய ஆரம்பித்த பிறகுதான் பாம்பு என்றே தோன்றும், சில பேருக்கு அதற்குள் மூச்சு நின்றுவிடும். மங்கையும் எமியும் சேர்ந்து டூட்டி பார்த்த அன்றைக்கு வந்த ஆளுக்கு நாற்பது வயது இருக்கும், நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்கப் போய் மோட்டார் கொட்டகையில் படுத்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மங்கை டார்ச் அடித்து அவர் இமையையே பார்த்துக்கொண்டிருந்தாள், இமை நன்றாகத்தான் இருந்தது. எமி அவரிடம் போகவில்லை, அவர் மனைவியிடம் போனாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, “ஏம்மா, இவரு எப்பவும் இப்படித்தான் பேசுவாரா? இது அவரு குரல்தானா?” என்றாள். அந்தப் பெண் திகைத்துப் போய்ப் புருஷனைப் பார்த்தாள், இன்னொரு தரம் பேசச் சொல்லிக் கேட்டாள், “இல்லீங்க, மூக்கடைச்சாப்ல இருக்கு, இது வேற யாரோ பேசறாப்ல இருக்குங்க” என்று அழ ஆரம்பித்தாள். விஷமுறிவு மருந்து உடனே ஏறியது, மூச்சுக்கான குழாயும் நேரத்தோடு போட்டாகிவிட்டது, மனுஷன் பிழைத்து நடந்து வீட்டுக்குப் போனான். கைகழுவும் இடத்தில் வைத்து எமி சொன்னாள், “இமையையே பாத்துக்கிட்டு நிக்காத டி. பேசச் சொல்லு. குரல்தான் முதல்ல போவுது.” முதல்ல என்றாளா, முன்னாடியே என்றாளா? போவுது என்றாளா, மாறுது என்றாளா? மங்கை அதைப் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள், சொல் கிடைக்கிறது, சொன்னவள் கிடைக்கவில்லை, எப்படிச் சொன்னாலும் உள்ளே தன் குரலே பேசுகிறது. அதற்குப் பிறகு எமியைத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கேயிருந்து ஒரு நாள் வாட்ஸப்பில் பேசி அனுப்பினாள், மங்கை, இன்னிக்கும் ஒருத்தி, அதேதான், அம்மாக்காரிகிட்ட கேட்டேன், இது எம்புள்ள குரலே இல்லன்னுட்டா, இதை நாம எழுதணும் டி. அது அந்தப் பழைய போனில் இருந்தது. அந்தப் போன் பேட்டரி உப்பிச் செத்துப் போனது, போர்டே போயிடுச்சு மேடம், ஒண்ணும் எடுக்க முடியாது என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்தார். புதுப் போனில் எழுத்து எல்லாம் வந்தது, பேச்சு இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கோடு வந்தது, அதைத் தொட்டால் சுற்றிச் சுற்றி நிற்கும், அதையும் எத்தனையோ தரம் தொட்டுப் பார்த்தாயிற்று.

துறைத்தலைவர் தணிகைவேல் போன் பண்ணினார். பேரன் காதுகுத்துக்கு வந்த இடத்திலிருந்து பேசினார், பின்னால் நாதஸ்வரம். “ஏத்திட்டீங்களா மங்கை?” இல்லை சார், அந்தப் பதினாலாவது ரெஃபரன்ஸ் என்று அவள் ஆரம்பிக்கும்போதே அவர், “அதையா இன்னும் வச்சிருக்கீங்க? எடுத்துடுங்கம்மா. அந்த வெளிநாட்டு குரூப் போன வருஷம் இதையே போட்டுட்டாங்கல்ல, அதான் நம்ம லிஸ்ட்லயே இருக்கே, அதைச் சான்றா சைட் பண்ணுங்க. இல்லாட்டி ‘நாங்கள் கவனித்தோம்’னு எழுதிட்டுப் போங்க, நம்ம வார்டுல நடந்ததுதானே” என்றார். “நாம கவனிக்கலயே சார், எமிதானே.” அவர் குரலை இறக்கி, “எனக்குத் தெரியாதாம்மா? நல்ல பொண்ணு. நன்றின்னு கடைசில ஒரு வரி போடலாம்னா அதுக்கும் ஆள் கையெழுத்து வேணும்கிறான் ஜர்னல்காரன். ஆத்தராப் போடலாம்னா கடைசி டிராஃப்டைப் படிச்சு ஒத்துக்கிட்டாங்களான்னு கேக்கறான். சமர்ப்பணம்னு போட இது என்ன கவிதைப் புஸ்தகமா? நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க” என்றார். கெட்ட மனுஷர் இல்லை. எமி இறந்த அன்றைக்கு மார்ச்சுவரி வாசலில் மற்றவர்களெல்லாம் கலைந்து போன பிறகும் நின்றவர். “உங்க புரொபசர் பதவிக்கும் இது வேணும், மறந்துடாதீங்க. அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க” என்று வைத்துவிட்டார். போர்ட்டலில் ஒரு குறிப்பு இருந்தது, சம்பந்தப்பட்டவர் இயலாத நிலையில் இருந்தால் சட்டப்படியான வாரிசு ஒப்புதல் தரலாம், ஆசிரியர் குழுவின் முடிவே இறுதியானது என்று. நோயாளிகளுக்காக எழுதிய விதி அது, அவளுக்குத் தெரியும், இருந்தாலும் வாரிசு என்ற சொல்லில் அவள் கண் போய் நின்றது. எமியின் கணவர் இருதயராஜ் மின்வாரியத்தில் ஏ.இ. அவரிடம் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். மறுகல்யாணம் ஆன செய்தி யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அதில் தப்பொன்றுமில்லை, சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு ஆம்பளை என்ன செய்வார், ஆனால் அதற்குப் பிறகு எந்தக் காரணத்தைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் போய்விட்டது. இப்போது காரணம் இருக்கிறது. காரணம் இருப்பதுதான் கூச்சமாக இருந்தது.

அவருக்குப் போன் போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க மாட்டார் என்று நினைக்கும்போது எடுத்தார், ஒரே இரைச்சல், பாத்திரச் சத்தம், மைக்கில் யாரோ பந்திக்குக் கூப்பிட்டார்கள். “அண்ணா, நான் மங்கை பேசறேன்.” “மேடமா? சொல்லுங்க, சொல்லுங்க.” முன்பெல்லாம் மங்கை என்றுதான் கூப்பிடுவார். “இருங்க, வெளிய வரேன். இன்னிக்கு நம்ம பாப்பா ஷெரினுக்குப் புதுநன்மை. காலைல பூசைல முதல் நற்கருணை வாங்கிட்டா, இப்ப மண்டபத்துல சாப்பாடு.” வெளியே வந்ததும், “உங்களுக்குச் சொல்லணும்னு நெனச்சேன்” என்றார். வாழ்த்துகள் அண்ணா என்று அவள் சொன்னாள், சொல்லும்போது ஆஸ்பத்திரி போனில் துக்கம் சொல்லும் குரலில் வந்தது. பிறகு எப்படியோ விஷயத்தைச் சொன்னாள், கட்டுரை, பாம்பு, குரல், எமி சொன்னது, அவள் பெயர் அதில் நிற்க ஒரு ஒப்புதல். அவர் கவனமாகக் கேட்டார். “இதை அவளா கண்டுபிடிச்சா?” “அவதான் அண்ணா.” “எங்கிட்ட ஆஸ்பத்திரி கதை ஒண்ணும் சொல்ல மாட்டா. வந்தா தூங்கிடுவா” என்றார். அந்தச் சொல் இருவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தது. “கையெழுத்து எங்க போடணும்னாலும் போடறேன் மேடம். ஆனா அவ சொன்னான்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? எனக்குத் தெரியாதே.” அவர் சொன்னது சரிதான். ரிவ்யூவர் கேட்டதும் அதைத்தான். வைத்துவிடலாம் என்று அவள் நினைத்தபோது அவர் தயங்கித் தயங்கி, “ஒண்ணு கேக்கணும். அவ பேசினது ஏதாச்சும் உங்ககிட்ட இருக்கா? வாய்ஸ் மெசேஜ், எதாவது? பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கு, அம்மா எப்படிப் பேசுவாங்கன்னு. கல்யாண வீடியோல பூராவும் பாட்டு போட்டுட்டானுவ. மத்த வீடியோல எல்லாம் புள்ளதான் பேசுது, இவ எடுத்துக்கிட்டு நிக்கறா, ஒரு எடத்துல ஒரு சிரிப்பு மட்டும் இருக்கு. அவ போனும் அன்னிக்கே நொறுங்கிப் போச்சு” என்றார். “ஒண்ணு இருந்துச்சுண்ணா. போன் கெட்டுப் போயிருச்சு.” “ம்.” “கடைல குடுத்துப் பாத்தேன், எடுக்க முடியலன்னுட்டாங்க.” “பரவால்ல மேடம். பரவால்ல.” இரண்டாவது தரம் சொன்னபோது அது பரவாயில்லை என்று அர்த்தப்படவில்லை.

அதற்குள் போன் கை மாறியது, யாருப்பா, அம்மாவோட பிரண்டா, குடுங்கப்பா என்று ஒரு கீச்சுக்குரல், “ஆன்ட்டி” என்றது. “ஷெரின் கண்ணு, எப்படிடா இருக்க? வெள்ளை கவுனா?” “ம். கிரீடம் குத்துது. ஆன்ட்டி, உங்களுக்கு எங்க அம்மா பேசறது ஞாபகம் இருக்கா?” இருக்கு என்றாள், வேறு என்ன சொல்வது. “எப்படிப் பேசுவாங்க?” மங்கை சொல்லத் தொடங்கினாள், கொஞ்சம் கனமான குரல்டா, வேகமாப் பேசுவாங்க, கடைசிச் சொல்லை மட்டும் இழுப்பாங்க, சொல்லச் சொல்ல அதெல்லாம் கேஸ் ஷீட்டில் எழுதுகிற மாதிரி இருந்தது, அதில் எந்தக் குழந்தைக்கும் அம்மா கிடைக்க மாட்டாள். “பேசிக் காட்டுங்க ஆன்ட்டி.” கண்ணை மூடிக்கொண்டாள். கைகழுவும் இடம், ஈரக் கை, எமியின் வாய், அதிலிருந்து ஏதாவது வந்துவிடாதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. தொண்டையைக் கொஞ்சம் தாழ்த்தி, “என்னடா தங்கம், சாப்டியாஆ?” என்றாள். தங்கம் என்று எமி கூப்பிடுவாளா, தெரியாது, பட்டு என்றோ பாப்பு என்றோ என்னவோ சொல்வாள், வாயில் வந்தது தங்கம். “அம்மா என்னைத் தங்கம்னா கூப்பிடுவாங்க?” “ஆமாடா.” “எனக்கு ஞாபகமே இல்ல” என்றது குழந்தை, வருத்தமாக இல்லை, தப்பைத் தன் பேரில் போட்டுக்கொள்கிற மாதிரி. “இன்னொரு தடவை ஆன்ட்டி.” இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை, தொண்டை தானாகவே அந்த இடத்துக்குப் போய் நின்றது, இழுப்புகூடச் சரியாக விழுந்தது. குழந்தை போனை யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடியது, இரைச்சலுக்கு நடுவே அது யாரிடமோ கத்துவது கேட்டது, “எங்க அம்மா இப்படித்தான் பேசுவாங்களாம், என்னடா தங்கம், சாப்டியாஆ,” அங்கே ஒரு பெண் சிரித்தாள், சிரித்து நிறுத்திக்கொண்டாள். இருதயராஜ் போனை எடுத்து, “ரொம்ப தேங்க்ஸ் மேடம்” என்றார். அவருக்குத் தெரிந்திருக்கும். தங்கம் இல்லை என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா. ஆனால் அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, சாப்பாடு போய்க்கிட்டிருக்கு, அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்தார்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மங்கை கட்டுரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெளியே காரிடாரில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள், ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிட்டது, அது தூரம் போய் லிஃப்டுக்குள் அடங்கியது. இனி யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தோன்றியது, இத்தனை நாளும் யோசித்ததாகத் தோன்றியதுகூட யோசனை இல்லையோ என்னவோ. குரலைப் பற்றிய வாக்கியத்தையே விட்டுவிடலாமா? விட்டால் எங்கோ ஒரு கேஷுவாலிட்டியில் ஒருவன் டார்ச் அடித்து இமையையே பார்த்துக்கொண்டிருப்பான். நாங்கள் கவனித்தோம் என்று எழுதலாமா? கை போகவில்லை. அந்த வெளிநாட்டுக்காரர்களுடையது இருபத்தொன்பதாவதாக இருந்தது, ஆறு பெயர், எட் ஆல், நல்ல ஜர்னல், நிறையக் கேஸ்கள், அவர்களும் கூட வந்தவர்களிடம்தான் கேட்டிருக்கிறார்கள், நல்ல ஆட்கள்தான். உண்மைக்கு எமி தேவைப்படவில்லை, அது அவள் இல்லாமலே வேறு வழியாக நடந்து வந்து சேர்ந்துவிட்டது. அதை நினைத்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வாக்கியத்தின் கடைசியில் இருந்த எண்ணை எடுத்தாள், அவர்களுடையதை வைத்தாள், சாஃப்ட்வேர் ஒரு கணம் யோசித்தது. இருபத்தொன்பது கிளம்பி வந்து பதினாலில் உட்கார்ந்தது, முப்பது இருபத்தொன்பதானது, கீழே இருந்தவை எல்லாம் ஒவ்வொரு படி ஏறிக்கொண்டன, கடைசி எண் ஒன்று குறைந்தது. எங்கேயும் இடைவெளி இல்லை. எங்கேயோ ஒரு இடத்தில் விட்டுப்போயிருக்கும் என்று மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள், கமா, புள்ளி, அரைப்புள்ளி, எல்லாம் சரியாக இருந்தது, இதைவிடச் சுத்தமாக ஒரு பட்டியலை அவள் போட்டதே இல்லை. ரிவ்யூவரின் கட்டத்தில் ‘மாற்றப்பட்டது’ என்று எழுதினாள். போர்ட்டலில் ஏற்றி, கேட்ட இடத்திலெல்லாம் டிக் போட்டு, அனுப்பு என்பதை அழுத்தினாள். சமர்ப்பிக்கப்பட்டது என்று பச்சையில் வந்தது.

பிறகு செய்ய ஒன்றும் இல்லாததால் மறுபடி எமியை நினைத்துப் பார்த்தாள். கேஷுவாலிட்டி, விடிகாலை, ஸ்டூலில் அந்த ஆள், முந்தானையை வாயில் வைத்த பெண். எமி அவள் தோளைத் தொடுகிறாள், குனிகிறாள், வாயைத் திறக்கிறாள், இது அவரு குரல்தானாஆ என்கிறாள், கடைசிச் சொல்லை இழுத்து, தொண்டையைக் கொஞ்சம் தாழ்த்தி. மங்கை அதை அங்கேயே நிறுத்தினாள். வேறொன்றை எடுத்தாள், கேன்டீன், சுப்பையா எம், டீ சிந்துகிறது, எமி சிரித்துக்கொண்டே ஏதோ சொல்கிறாள், அதே தாழ்த்தின தொண்டை, அதே இழுப்பு. ஹாஸ்டல் மொட்டைமாடி, துணி காயப்போட்டுக்கொண்டே போட்ட சண்டை. அதிலும் அதுதான். இத்தனை நாளும் ஒன்றும் கேட்காமல் இருந்தது, கேட்காமல் இருந்த அந்த இடம் எமியுடையதாக இருந்தது. இப்போது எங்கே தொட்டாலும் உடனே பேசியது, தெளிவாக, ஒரு சொல் பிசகாமல், மண்டபத்துக் குழந்தைக்கு அவள் பேசிக் காட்டிய அந்தக் குரல். காதைப் பொத்திக்கொண்டால் நின்றுவிடும் என்பது போலக் கையை எடுத்துக் காதருகே கொண்டுபோனாள், அது அபத்தம் என்று கையைக் கீழே விட்டாள். கதவைத் தட்டி நர்ஸ் எட்டிப் பார்த்தார். “மேடம், ரெண்டாம் வார்டுல பெட் நாலுல பி.பி. இறங்குது.” “இதோ வரேன்” என்று சொல்லிவிட்டு, எழுந்து, ஸ்டெதஸ்கோப்பைத் தேடினாள். அது கழுத்திலேயே இருந்தது.